வாயை மறைத்துப் பேசிய வீடு

தங்கையின் காதுக்குள், கேட்கவைக்கும் காக்ளியர் கருவி வைத்தபோது அவளுக்கு நான்கு வயது, எனக்கு ஒன்பது. யோங் பெங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் யாருக்கும் அப்படி ஓர் ஆபரேஷன் நடந்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவள் பிறவியிலேயே காது கேளாதவள். அப்பாவின் தம்பியும் அப்படித்தான். குளுவாங்கில் மேசை நாற்காலி செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்த்த சித்தப்பா, ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் வருவார். அவரும் தங்கையும் கைகளாலேயே பேசித் தீர்ப்பார்கள். ஒருமுறை, தன்னைப் போன்ற நண்பர்கள் தேநீர் குடிக்க ஒன்றுகூடும் 'மாமாக்' சாப்பாட்டுக் கடைக்கு அவளைக் கூட்டிப்போனார். அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: கன்னக்குழியில் விரலால் ஒரு குத்து. நாங்கள் வைத்த பெயரை அவள் அதுவரை கேட்டதே இல்லை. இந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஜோகூர் பாருவில் பயிற்சி தந்த டீச்சர், பிள்ளையிடம் பேசும்போது வாயை மறைத்துக்கொள்ளச் சொன்னார். உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்டுப் பழகவேண்டுமாம். கையைப் பற்றி அவர் என்ன சொன்னாரோ, இனி இந்த வீட்டில் யாரும் கையால் பேசக்கூடாது என்று அப்பா சட்டம் போட்டுவிட்டார். கண்காணிக்கிற வேலை எனக்கு. பள்ளியில் கிடைக்காத மாணவர் தலைவி பதவி வீட்டில் கிடைத்துவிட்டது. ஒரே மாதத்தில், யாரிடம் பேசினாலும் எங்கள் கை தானாக வாய்க்குப் போனது.

அதன் பிறகு சித்தப்பா வந்த முதல் ஞாயிறு. கேட்டைத் திறந்ததும் தன் கன்னத்தில் விரலை வைத்து அவளைக் கூப்பிட்டார். தங்கை ஓடிப்போய் இரண்டு கைகளையும் தூக்கினாள். அத்தனை நாள் அடக்கிவைத்ததெல்லாம் கொட்டியது.

"அப்பா! கையில பேசுறாங்க!" என்று கத்தினேன். தங்கை திடுக்கிட்டுத் திரும்பினாள். கருவி நன்றாகத்தான் வேலை செய்தது.

அப்பா வந்து அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்தார். மறு கை பழக்கத்தில் வாய்க்குப் போனது. "டேய் தம்பி, இங்க வந்தா கையக் காட்டாதடா. புள்ளைக்குப் பேச்சு வரணும் லா."

உதட்டைப் பார்த்துத்தான் சித்தப்பா எங்கள் பேச்சில் பாதியையாவது புரிந்துகொள்வார். அப்பாவின் கைக்குப் பின்னால் பார்க்கத் தலையைச் சாய்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு, "கையில பேசக்கூடாதாம் சித்தப்பா" என்றேன்.

அம்மா சோறு போட்டார். சித்தப்பா தலை நிமிராமல் சாப்பிட்டுக் கை கழுவினார். இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அடுத்த ஞாயிறு வரவில்லை, தீபாவளிக்கும் வரவில்லை. தங்கை சில வாரங்கள் கேட்டில் நின்று பார்த்தாள். பிறகு நிற்பதை விட்டுவிட்டாள்.

அந்த வருடக் கடைசியில் அவள் "அக்கா" என்றாள். அம்மா அழுதார். அப்பா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்தார். நான் கண்காணித்ததால்தான் அவளுக்குப் பேச்சு வந்தது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சித்தப்பாவோடு பேச அவளைத் தவிர வேறு யாருமே இருந்ததில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.