நிழல் கட்டையாகும் நேரம்

யாரைக் கண்டாலும் பஹ்மிதா முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, காலடியைப் பார்க்கிறார். கல்முனைச் சந்தையடியில் மரக்கறிப் பையோடு நின்ற என்னைக் கண்டு சலாம் சொல்வதற்கு முன்னமே என் நிழலை அளந்து முடித்துவிட்டார். "நிழல் உங்களவிடக் கட்டையாகிட்டு. இப்ப நல்ல நேரம். கொஞ்சம் அப்படியே நில்லுங்க." நானும் நின்றேன். பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் கோர்ண் அடித்துக் களைத்து, எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். பஹ்மிதாவுக்கு அது கேட்கவேயில்லை. என் புறங்கையில் வெயில் விழுவதை, அடுப்பில் பால் பொங்கிவருவதைப் பார்க்கிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது கிறுக்கு அல்ல, அவருடைய தொழில். பஹ்மிதா மூலக்கூற்று உயிரியல் ஆய்வாளர், பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார். ஆளின் உயரத்தைவிட நிழல் குறுகும் வேளையில்தான் தோல் விற்றமின் டி செய்யுமாம். அந்த விற்றமின் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதைத்தான் அவர் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு எனக்கு வந்த பெறுபேற்றை மரியாதை கருதி யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அவர் சொன்னால் எனக்கு விளங்குகிறது. "உடம்புல இரிக்கிற கலத்துக்குள்ள கரு இரிக்குதானே, அங்கதான் விற்றமின் டிக்கெண்டு ஒரு புரதம் இரிக்கி, வாங்கி எண்டு பேர். சும்மா கிடக்கிற ஆள். விற்றமின் டி வந்து தொட்டாத்தான் எழும்பும். எழும்பிப் போய்ப் பரம்பரையலகப் புடிச்சி, கிருமியக் கொல்லுற சாமானச் செய் எண்டு சொல்லும். தொடாட்டி, தூக்கம்தான்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"தொடும் மட்டும்," என்றார், தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு.

அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பெரிய ஊர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதாகத் தோன்றியது. சத்தமாகத் தும்முவதற்கே கூச்சமாக இருந்தது.

பஹ்மிதா ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார். கலங்களை உடற்சூட்டில் வைத்திருக்கும் பெட்டியின் கதவைத் திறந்ததும், "எப்படிப் புள்ளகள், சுகமா?" என்று கேட்பார். முதல் வருட மாணவர்கள் சிரிப்பார்கள். கடைசி வருடத்துக்கு வந்துவிட்டவர்கள் தாங்களும் கேட்பார்கள். கலங்கள் வாடியிருந்தால் அன்றைக்கு பஹ்மிதாவும் பகல் சாப்பாட்டைத் தொடமாட்டார்.

பஸ்ஸில் ஏறினால் கதை முடிந்தது. ஜன்னலோரம் இருந்து எதையாவது யோசிக்கத் தொடங்கினார் என்றால் இறங்க வேண்டிய கல்முனை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. "மிஸ், இண்டைக்கும் பெரியநீலாவணைதான்," என்று நடத்துநர் குணம் எழுப்பிவிடுவார். இறங்கியவர் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதும் இல்லை. கடற்கரைக்கு நடந்துபோய், கருவாடு காயப்போடும் பெண்களின் பக்கத்தில் பேசாமல் நின்றுவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு வீடு வருவார். கண்ணாடிக்கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் நளீர் இதற்கெல்லாம் பழகிவிட்டார். "இவ அடுப்புல சோத்த வெச்சா, நான் கடையில இருந்து ஃபோன்ல கோல் எடுத்து இறக்கச் சொல்லணும்," என்பார். சொல்லும்போது முகத்தில் பெருமைதான் தெரியும்.

இந்தக் கனவுக்காரியிடம் ஒரு பிடிவாதமும் உண்டு. அவருடைய உம்மா சயரோகத்தில் மௌத்தானவர். குளிர்காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலை அடைத்துவைத்த அறையில், கடைசி மழைக்காலம் முழுவதும் கிடந்திருக்கிறார். "வெயில் காப்பாத்தியிருக்கும் எண்டு நான் சொல்லல்ல," என்று பஹ்மிதா ஒரு தடவை சொன்னார். "எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் தேடுறன்." 

அவர் வாசித்த கட்டுரைகள் எல்லாம் பனி பெய்யும் நாடுகளைப் பற்றியவை. இங்கே வெயில் கொட்டுகிறது. ஆனாலும் நமது பெண்களின் இரத்தத்தில் அது சேர்வதில்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிய மாடிவீட்டுத் திட்டத்தில் முற்றம் கிடையாது. படிக்கட்டில் விழும் ஒரு கீற்றோடு அவர்களுடைய சூரியன் முடிந்துவிடுகிறது. "எங்கட பொம்புளைகள்ற கலத்த ஆரும் எட்டிப் பாக்கல்ல," என்று பஹ்மிதா சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஆகவே தானே பார்ப்பதென்று தீர்மானித்தார். சவளக்கடைக் கிராமத்தில் வயல் வேலை செய்யும் பெண்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஏற்கெனவே இரத்தம் கொடுத்திருந்தார்கள். அடுத்தது மாடிவீட்டுப் பெண்கள். முதலில், வெயில் படாத நிலையில் அவர்களிடம் ஒருமுறை இரத்தம் எடுப்பது. பிறகு அவர்களைத் தினமும் வெயிலில் இருத்தி, மறுபடி எடுப்பது. முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் அந்த வாங்கி விழித்ததா என்று கொழும்பில் இருக்கும் ஒரு கருவி சொல்லும். அந்தக் கருவியில் அவருக்கு ஒரு முறை கிடைப்பதற்குள் இரண்டு ரமழான் நோன்புகள் வந்து போயின. இந்த மாதம் தவறினால் அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது. முதல் இரத்தம் இல்லையென்றால் ஆய்வே இல்லை.

மாடிவீடுகளுக்கு ஒருநாள் வந்து, "உங்கட இரத்தத்துல வெயில் எவ்வளவு இரிக்கி எண்டு பாக்கப்போறன்," என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். வயற்பெண்களிடம் எடுத்ததையும் சொன்னார். இரத்தம் எடுக்கும் நாள் வரும்வரை வழக்கம்போல இருங்கள் என்று சொல்ல மட்டும் மறந்துபோனார். யோசனை எங்கேயோ போயிருக்க வேண்டும்.

குறித்த நாளன்று அவரோடு தாதி தர்சினியும் நானும் போனோம். அந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு நான் படிப்பிப்பவள் என்பதால், தெரிந்த முகமாகப் பக்கத்தில் நிற்பதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். இரத்தம் எடுக்கும் குழாய்களை வைக்கும் ஐஸ் பெட்டி என் கையில் இருந்தது. ஐஸ் குறைந்தால் இரத்தம் கெட்டுவிடும், பிறகு எந்தக் கருவிக்கும் உதவாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த மாடிவீட்டுப் பெண்களில் மூத்தவரான சல்மா உம்மாவின் கதவு பூட்டியிருந்தது. பக்கத்துக் கதவும் பூட்டு. மேலே எங்கேயோ சிரிப்புக் கேட்டது. மொட்டைமாடிக்கு ஏறினோம்.

சுற்றிவரக் கயிறு கட்டி, சாரிகளும் படுக்கை விரிப்புகளும் மறைப்பாகத் தொங்கின. நடுவில் பாய்கள். பாய்களில் அந்த மாடிவீட்டுப் பெண்கள் எல்லோரும் முழங்கைக்கு மேலே சட்டையை உயர்த்திவிட்டுக் கிடந்தார்கள். சிலர் கண்ணயர்ந்திருந்தார்கள். காற்று வரும்போது சாரிகள் உப்பின, நிறங்கள் அவர்களுடைய கைகளின் மேல் அசைந்தன. கடல் இரைந்தது. யாரோ ஒருவருடைய கனவுக்குள் செருப்புக் காலோடு வந்துவிட்ட மாதிரி நான் தயங்கி நின்றேன். பஹ்மிதா சிரித்துக்கொண்டிருந்தார், அவர் ஆசைப்பட்ட காட்சி அதுதானே. பிறகு மெல்ல அந்தச் சிரிப்பு நின்றது.

"எப்ப இருந்து இப்படி?"

"நீங்க வந்துட்டுப் போன மத்த நாள்ல இருந்து, மகள்," என்று சல்மா உம்மா எழுந்து உட்கார்ந்தார். பருத்த உடம்பு, கழுத்தும் பிடரியும் சிவந்து கன்றியிருந்தன, மூச்சு வாங்கியது. "லுஹர் தொழுகைக்கு முந்தி ஏறிருவம். மழை பேஞ்ச நாள் மட்டும்தான் வரல்ல."

"ஏன் உம்மா?"

"வயல்ல நிக்கிற பொம்புளைகள்ற இரத்தத்துல வெயில் நல்லா இரிக்கும். நம்மட இரத்தத்துல ஒண்டுமில்லாட்டி? ஊட்டுக்கு வந்த ஆளுக்கு வெறும் பீங்கானயா நீட்டுற?"

"நல்லாக் கறுத்திட்டம், மிஸ், பாருங்க," என்று பக்கத்துப் பாயில் இருந்த மைமூனா கையை நீட்டிக் காட்டினாள். மற்றவர்களும் நீட்டினார்கள். எல்லாக் கைகளும் பஹ்மிதாவை நோக்கி நீண்டிருந்தன.

அவர் ஒவ்வொரு கையையும் தொட்டுப் பார்த்தார். பிறகு படிக்கட்டுத் தலைப்புக்கு வந்து சுவரில் சாய்ந்தார். "அல்லாஹ்வே, வாங்கி எல்லாம் எழும்பிட்டு. தூங்கின நேரத்த இனி எங்க போய்ப் பாக்கிற?"

தர்சினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுக்கு பஹ்மிதா மேல் உயிர். "எடுத்திட்டுப் போவம் மிஸ். இவங்க வெயில்ல கிடந்தது எங்க மூணு பேருக்கும்தானே தெரியும். கொழும்பு முறை போனா மறுகா எப்ப வருமோ."

"இத 'முன்' எண்டு எழுதினா, முன்னும் பின்னும் ஒண்டாத்தான் வரும், தர்சினி. வெயில் ஒண்டும் செய்யல்ல எண்டு வாசிப்பாங்க."

"ஒண்டுமே எழுதாட்டி? இவங்கட கலத்த மறுகா ஆரு பாப்பாங்க?"

 பஹ்மிதா என்னிடமிருந்து பெட்டியை வாங்கி, கீழே வைத்து, மூடியைத் திறந்தார். ஐஸ் பைகளுக்கு நடுவே குழாய்கள் நிரையாக நின்றன. வெகுநேரம் அவற்றைப் பார்த்தபடி குந்தியிருந்தார். எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். எடுக்கட்டும் என்றும் நினைத்தேன். அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு. உருகிய நீர் பெட்டியின் ஓரத்தில் சொட்டியது.

மறைப்புக்கு அந்தப் பக்கம் சல்மா உம்மா இருமினார். "மகள், எங்க ஊசி? நாங்க ரெடி."

பஹ்மிதா வெறும் குழாய்களைத் தரையில் ஒதுக்கி வைத்துவிட்டு, அடியில் இருந்த பெரிய ஐஸ் பையைக் கையிலெடுத்தார். சாரிகளை விலக்கிக்கொண்டு போய், சல்மா உம்மாவின் பின்னால் மண்டியிட்டு, தன் முந்தானையில் அதைச் சுற்றி, கன்றிப்போன அந்தப் பிடரியில் மெதுவாக வைத்து அழுத்தினார்.