ஓரகத்தியின் டப்பாவில் மிஞ்சிய இரண்டு சீட்டுகள்

கற்பனை விளையாட்டுக்கு ஆள் உருவாக்குவதில் இந்த மலையில் என்னை மிஞ்ச யாரும் கிடையாது. வேறு யாரும் அந்த வேலையைச் செய்வதில்லை என்பதும் ஒரு காரணம்தான், இருக்கட்டும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனையோ திருடனையோ மந்திரக்காரியையோ தாங்களாகவே படைத்து, அந்த ஆளாகவே பேசிக்கொண்டு ஒரு கதைக்குள் நடந்துபோகிற விளையாட்டு அது. கதையை நடத்துகிறவள் நான். காடு எப்படி இருக்கிறது, அதில் என்ன காத்திருக்கிறது என்று நான் சொல்வேன். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை உருட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களிடம் பகடை இல்லை, சீட்டு இருந்தது. அந்தச் சீட்டால்தான் இவ்வளவும் வந்தது.

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் துணி வெளுக்கும் பகுதி என் பொறுப்பு. வாரம் முழுக்க அங்கே, சனிக்கிழமை பஸ் பிடித்தால் மேல்மலைப் போளூரில் வீடு. படிப்பு முடிந்து கிளம்பும் பிள்ளைகள் விட்டுப்போகிற சாமான்களை நாங்கள்தான் பிரித்து அடுக்குவோம். ஒரு வருஷம் அதில் அட்டை கிழிந்த கனமான இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடந்தது. வார்டனிடம் கேட்டேன், "எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். பத்தாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். நீளக் காதுக்காரர்கள், தாடி வைத்த குள்ளர்கள், தீ கக்கும் பறக்கும் பல்லி என்று என்னென்னவோ இருந்தது. புரியாத இடங்களை நானே இட்டு நிரப்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், புத்தகத்தில் இருந்ததைவிட நான் இட்டு நிரப்பியதுதான் நன்றாக இருந்தது. தீ கக்கும் பல்லியைச் சொன்னபோது எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அதைத் தூக்கிவிட்டு, வழியை மறித்து அசையாமல் நிற்கிற ஒற்றைக் காட்டுமாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினேன். மூன்று பேரும் ஓரடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆட வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு மூத்த ஓரகத்தி. இன்னொருவன் ஜீப் ஓட்டுகிறவன், எனக்குக் கொழுந்தன் முறை. மூன்றாவது அங்கன்வாடி டீச்சர். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மஞ்சு, அதுதான் மலைப்பனி, இறங்கி மூடி, தோட்டத்தில் ஒரு வேலையும் ஓடாதபோது, பூண்டு காயப்போடும் எங்கள் கொட்டகையில் உட்காருவோம். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம்.

இருபது முகம் கொண்ட பகடை வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அதற்கு எங்கே போவது? டீச்சர்தான் ஒன்று முதல் இருபது வரை சீட்டெழுதிச் சுருட்டிக் கொடுத்தார். ஆளுக்கொரு பால்பவுடர் டப்பா, டப்பாவுக்கு இருபது சீட்டு. பெரிய எண் வந்தால் காரியம் கைகூடும், ஒன்று வந்தால் தொலைந்தது. எடுத்த சீட்டை நாங்கள் திரும்பப் போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. கோடையில் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஊரில் முறைச்சீட்டு எடுப்போம். ஒரு வீட்டின் பெயர் வந்துவிட்டால், எல்லா வீடும் வந்து முடியும்வரை அந்தச் சீட்டு வெளியேதான் இருக்கும். பழகின கை இங்கேயும் அதையே செய்தது.

ஒரு வருஷம் கழித்து விடுதியில் ஒரு பெண்ணிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "அய்யோ அக்கா, ராங்கா ஆடுறீங்க. ஒவ்வொரு தடவையும் சீட்டைத் திரும்பப் போடணும்" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். மாற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். பகடைக்கு ஞாபகம் கிடையாது, எங்கள் டப்பாவுக்கு உண்டு. யாராக இருந்தாலும் அவருடைய ஒன்று ஒரு தடவை வந்தே தீரும், அவருடைய இருபதும் அப்படித்தான். இன்னும் எது உள்ளே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு ஆடினார்கள்.

இதில் கொழுந்தன் ஒரு வழி கண்டுபிடித்தான். டப்பாவில் மட்டமான எண்களே அதிகம் மிச்சமிருக்கும்போது, "மதினி, என் ஆளு டீ குடிக்கப் போறான். டீ சூடா இருக்கானு ஒரு சீட்டு எடுத்துப் பாக்கட்டா?" என்பான். கெட்டதையெல்லாம் டீக்கடையில் கழித்துவிட்டு, நல்லதைச் சண்டைக்கு வைத்துக்கொள்வானாம். "உயிரோ மானமோ போற எடத்துலதான் சீட்டு. மத்ததுக்கு எடுத்த, கைய ஒடிச்சிருவேன்" என்று அன்றைக்கே விதி போட்டேன். அந்த விதியில் எனக்கு ரொம்பப் பெருமை.

இன்னொரு விதி மஞ்சுக்கு. புத்தகத்தில் அதற்கு ஒரே வரி, கண் சரியாகத் தெரியாது என்று. எழுதின ஆளை ஒரு நாள் கிளாவரைப் பாதையில் நடக்கவிட்டிருக்க வேண்டும். என் ஆட்டத்தில் மஞ்சு இறங்கினால் வாளுக்கு வேலை இல்லை. யார் குரல் கொடுக்கிறார்களோ அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவர்கள் நகரலாம். ஓரகத்தியை மனதில் வைத்துத்தான் இதை உண்டாக்கினேன். அவர் குரல் அப்படி. படிப்படியான தோட்டத்தில் நாலு தட்டு கீழே களையெடுக்கிற ஆளை அவர் மேலே நின்று கூப்பிட்டால், பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

ஆள் உருவாக்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பலத்தை எழுதுவதற்கு முன்னால் பயத்தை எழுது. பயம் என்னவென்று தெரிந்துவிட்டால் அந்த ஆள் எந்தக் கதவைத் திறப்பான், எதைத் திறக்க மாட்டான் என்று தானாகத் தெரிந்துவிடும். டீச்சர் படைத்தது ஒரு மருத்துவச்சி. "இவ எந்த ஊர்ல தங்கினாலும் பெட்டியில உள்ளதை முழுசா வெளியே எடுத்து வைக்க மாட்டா. எப்ப கெளம்பச் சொல்லுவாங்களோனு பயம். தோட்டத்து லயத்து வீட்டுலேருந்து எங்கம்மா கொண்டுவந்த பெட்டி இன்னமும் அப்படித்தான் இருக்கு" என்றார். நான் அசந்துபோனேன். கொழுந்தனின் திருடனுக்கு நாய் என்றால் பயம். அதுவும் நல்லதுதான், நாய் இல்லாத ஊர் ஏது?

ஓரகத்தி படைத்தது ஏழடி உயரத்தில் ஒரு போர்க்காரி. பயம் என்ற இடத்தில் மட்டும் எழுத விடமாட்டேன் என்றுவிட்டார்.

"அக்கா, பயமே இல்லாதவ ஆளு இல்லக்கா, பாறாங்கல்லு. பாறாங்கல்ல வச்சு நான் எப்படிக் கதை ஓட்டுறது?"

"ஏத்தா, ஆறு நாளும் பயந்துக்கிட்டுத்தான் கெடக்கேன். மழை பேஞ்சா பயம், பேயலைன்னா பயம். ஞாயித்துக்கெழமையும் பயப்படச் சொல்றியா? போ, சோலியப் பாத்துக்கிட்டு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு வார்த்தை கூடுதலாகவே பேசிவிட்டேன். அவர் அசைந்து கொடுக்கவில்லை. போர்க்காரியின் தாளில் அந்த இடம் வெள்ளையாகவே கிடந்தது.

போன வருஷம் அவர் கழுத்தில் கட்டி பெரிதானது. எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்ததும் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். குரல் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், ஆனாலும் குரல் போக வாய்ப்பு உண்டு என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டாராம். ஊருக்கு வந்து இதை எங்களிடம் சொல்லிவிட்டு ஓரகத்தி சிரித்தார். அது சிரிப்பு இல்லை என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

அந்த நேரத்தில் அவர் டப்பாவில் மிஞ்சியிருந்தது இரண்டே சீட்டு. ஒன்றும் இருபதும்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை. ஆள் விட்டுக் கேட்டால் "சோலி கெடக்கு" என்று பதில் வந்தது. மஞ்சு மூடிய நாளில் என்ன சோலி? பழைய சண்டையை மனதில் வைத்துக்கொண்டு முறுக்குகிறார் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். டீச்சர்தான் என்னை நிறுத்தினார்.

"கோவமெல்லாம் இல்லக்கா. கோயில்ல பூப்போட்டுப் பாப்பாங்கல்ல, அந்த மாதிரி நெனைச்சிட்டாங்க. இங்க ஒண்ணு வந்துட்டா அங்க கொரல் போயிரும்னு."

ஒரு காரியம் நடக்குமா என்று கேட்டு, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சிரிப்பதற்கு எனக்கும் யோக்கியதை இல்லை, என் கல்யாணமே வெள்ளைப் பூ வந்து முடிவானதுதான். ஆட்டம் ஆட்டமாக இல்லாமல் போய்விட்டது என்று அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் நான் செய்தது என்ன? கொட்டகை அலமாரியிலிருந்து ஓரகத்தியின் டப்பாவை எடுத்தேன். உள்ளே இருந்த ஒன்றாம் எண் சீட்டை உருவி என் பர்ஸில் வைத்தேன். புதிதாக ஓர் இருபது எழுதிச் சுருட்டி உள்ளே போட்டேன். எதை எடுத்தாலும் இருபது. நம் கையில் இல்லாததா என்று நிம்மதியாக இருந்தது.

மதுரைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. "நாளைக்கு வெள்ளனே பஸ்ஸு, வெரசா முடிங்க" என்று சொல்லிக்கொண்டே ஓரகத்தி தானாகவே வந்து உட்கார்ந்தார். எனக்கு வாயெல்லாம் பல். கதையில் மூவரையும் பாறை விளிம்பில் ஒற்றையடிப் பாதையில் கொண்டுபோய் நிறுத்தி மஞ்சை இறக்கினேன். போர்க்காரி முன்னால் போய்க் குரல் கொடுத்தால்தான் பின்னால் இருவரும் வந்து சேர முடியும். டப்பாவை நீட்டி, "எடுங்கக்கா" என்றேன்.

அவர் கைவிட்டு எடுக்கவில்லை. டப்பாவை மடியில் கவிழ்த்து இரண்டு சீட்டையும் பிரித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க என் ஒண்ணு?"

நான் பர்ஸை முந்தானைக்குள் மறைத்தேன்.

"எடுத்துட்டியா? அடிப் பாவி! அது எனக்கு வரவேண்டியதுதானே? பாத்து எடுத்து இங்கனயே கழிச்சுட்டுப் போயிரலாம்னு வந்தேன். நீ அதை வெளிய விட்டுட்டியே, இனி எங்க போகும் அது? நாளைக்கு என்கூட மதுரைக்குல்ல பஸ் ஏறும்!"

வந்தே தீரும் என்று விதி போட்டவள் நான். அதை நம்பி உட்கார்ந்திருந்தவர் அவர். பர்ஸைத் துழாவி, மருந்துச் சீட்டுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவில் கசங்கிக் கிடந்த அந்த ஒன்றாம் எண் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். நல்ல வேளை, அடுப்பில் போடாமல் வைத்திருந்தேன். அவர் அதை நீவி, போர்க்காரியின் தாள் மேல் வைத்தார்.

"பெரிய மதினி, பாத்து எடுத்தா அழுகுணி ஆட்டம்" என்றான் கொழுந்தன்.

"ஏலே, வாய மூடு."

"தோக்குறதுக்கு அழுகுணி ஆடுற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்று முனகிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"எழுது" என்றார் ஓரகத்தி என்னிடம். "கூப்பிட்டுக் கூப்பிட்டு அவ தொண்ட போச்சு. இனிமே பேச மாட்டா."

எழுதினேன். ஒன்று வந்ததற்கு அந்தத் தண்டனை போதும் என்று, மற்ற இருவரையும் அந்தப் பக்கம் சேர்த்துவிட்டேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஓரகத்தி டீச்சர் எழுதின இருபதை மட்டும் டப்பாவுக்குள் போட்டு மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். நான் எழுதினதை என் மேல் விட்டெறிந்தார். "இது உன்னோடது. எழுத்தே சாஞ்சு கெடக்கு."

ஆபரேஷன் அன்று விடுதியில் ஒரே விரிப்பை நாலு தடவை மடித்தேன். மத்தியானத்துக்கு மேல் அவர் வீட்டுக்காரர் போன் செய்தார். முடிந்துவிட்டது, பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். பேசச் சொன்னால் பேச்சு வருமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊருக்கு வந்த பிறகும் கை தட்டித்தான் எல்லோரையும் கூப்பிட்டார். மூன்று ஞாயிறு நாங்கள் மூவரும் கொட்டகையில் சும்மா உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். எனக்குக் கதை சொல்ல வரவில்லை.

நாலாவது ஞாயிறு மஞ்சு வாசற்படி வரைக்கும் வந்திருந்தது. கீழ்த் தட்டிலிருந்து ஒரு குரல் ஏறி வந்தது.

"ஏத்தா! தாள எடுத்து வையி, வாரேன்!"

கரகரப்பாக, பழைய சத்தத்தில் பாதிதான் இருந்தது. பாதி தாராளமாகப் போதும். நான் ஓவென்று அழுதேன். டீச்சர் என் முதுகைத் தட்டிக்கொண்டே தானும் அழுதார். கொழுந்தன் மட்டும் "பேட்டரி வீக்கு" என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

ஓரகத்தி வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்து கவிழ்த்துக் காட்டினார். டப்பா காலி.

"இருபது எங்கக்கா?"

"மதுரையில செலவாயிருச்சு."

டீச்சர் புதிதாக இருபது சீட்டு எழுத ஆரம்பித்தார். ஊமையான போர்க்காரியின் தாளை எடுத்து வைத்துவிட்டு நான் புதுத்தாளை விரித்தேன். புது ஆளின் உயரம் என்ன, ஆயுதம் என்ன என்று கேட்கத் தொடங்கினேன். அவர் என் பேனாவைப் பிடித்து இழுத்துப் பயம் என்ற இடத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"மொதல்ல இதை எழுது."

"என்ன பயம்க்கா?"

"எல்லாமே பயந்தான். ஊசி பயம், வெள்ளைக் கோட்டு பயம், கண்ண மூடுனா தொறப்பமானு பயம்." கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டு மூச்சு வாங்கினார். "ஆனா கூப்பிட்டா வருவா. அதையும் எழுது."