கழுவிவிட்ட வாசல்

அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவள் பினாயிலக்கா. தந்தி ஆபீசில் கூட்டிப் பெருக்க வந்தபோது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. பிறகு தந்தி நின்றது, ஆட்கள் போனார்கள், புருஷனும் போய்ச் சேர்ந்தான். அவளைப் போகச் சொல்ல மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. காலி அறைகளைத் தினமும் துடைத்தாள்.

"பேய்க்கா அக்கா பெருக்குறீங்க?" என்பார் எதிர்க் கடைக்காரர்.

"பேய்க்கும் தூசி ஆகாது" என்பாள், தலையைத் தூக்காமல்.

முன்வாசலில், கூரை நீண்டிருந்த இடத்தில், குடை ரிப்பேர்காரரும் அவர் மனைவியும் படுத்துக்கொள்வார்கள். ஒரு மழைக்கு ஒதுங்கியவர்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். காலையில் அவள் வருவதற்குள் பாயைச் சுருட்டிவிடுவார்கள். அவரை அண்ணன் என்றும் அந்தம்மாவை அண்ணி என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டது.

வீடில்லாதவர்களுக்காக அந்தக் கட்டடத்தைச் சின்னச் சின்ன வீடுகளாகப் பிரிக்கப்போகிறார்களாம். மறுநாள் ஆபீசரம்மா பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. பினாயிலக்காவுக்குக் கை பரபரத்தது. இத்தனை வருஷத்தில் அவள் வேலையைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை.

"அண்ணி, இன்னைக்கு ராத்திரி மட்டும் பஸ் நிலையத்துல படுத்துக்கங்களேன். வாசலைக் கழுவிவிடணும். பாயும் அடுப்புமா கெடந்தா, கட்டடமே வேண்டாம்னு போயிட்டாங்கன்னா?"

"அதுக்கென்ன, மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி போயிட்டு வந்துடுறோம்" என்று குடைக்காரர் கம்பிகளை அள்ளிக் கட்டினார்.

விடிந்தும் விடியாமலும் ஆபீசரம்மா வந்துவிட்டார். தரையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது.

"இங்க யாரோ படுக்கிறாங்கன்னு சொன்னாங்களே?"

"ஒரு ஈ காக்கா கிடையாதும்மா. நான் விடமாட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னாள். ஆபீசரம்மாவும் பாராட்டிவிட்டுப் போனார்.

சுவர் எழுப்பி, குழாய் பதித்து, வேலை முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அன்று காலை இந்த மாதிரி வாசல்களிலும் பாலத்தடியிலும் படுத்திருந்தவர்களை எழுப்பிப் பேர் எழுதிக்கொண்டு போயிருந்தார்கள்; அவர்களுக்குத்தான் வீடு. பஸ் நிலையத்தில் படுத்தவர்களைப் பயணிகள் என்று விட்டுவிட்டார்கள். யார் யாரோ வந்து சாமான் இறக்கினார்கள். குடைக்காரரும் மனைவியும் எதிர்க் கடை வாசலில் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தார்கள்.

பினாயிலக்கா ஆபீசரம்மாவிடம் ஓடினாள். "நான்தாம்மா அவங்களை அனுப்பிவிட்டேன்."

"நீங்கதானேம்மா யாருமில்லைன்னீங்க? இங்க எல்லாம் நிரம்பிடுச்சு. அடுத்து பழைய ஆஸ்பத்திரியை வீடுகளாக்கப் போறோம், அப்போ பார்க்கலாம்." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று கடை வாசலைத் தாண்டும்போது அண்ணி கூப்பிட்டாள். "நீ நல்லவிதமா சொன்னதால நாங்க மரியாதையா எழுந்து போனோம். பாலத்தடியில எல்லாரையும் தட்டி எழுப்பினாங்களாமே!"

பினாயிலக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நடந்ததை நின்றபடியே சொல்லி முடித்தாள்.

குடைக்காரர் கையிலிருந்த கம்பியை வளைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். அண்ணிதான் பேசினாள். "குப்பையோட குப்பையா எங்களையும் கூட்டித் தள்ளிட்டியா?"

"அறிவில்லாம பண்ணிட்டேன் அண்ணி."

"அறிவு இருந்துச்சு. எங்களை அந்த ஆபீசரம்மா பார்க்கிறதுதான் உனக்குக் கூச்சமா இருந்துச்சு."

"நாளைக்கு மூட்டையோட என்கூட பழைய ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றாள் பினாயிலக்கா.

மறுநாளே பழைய ஆஸ்பத்திரிக்குப் போனாள். முன்பின் தெரியாதவர்களிடம் வாய் திறக்காதவள், அங்கே கூட்டுகிற பெண்ணிடம் போய் நின்றாள். அண்ணனும் அண்ணியும் பின்னால் மூட்டையோடு நின்றார்கள். அண்ணி இன்னும் பினாயிலக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவங்க இங்க படுத்துக்கட்டும்மா. ஆபீசருங்க வர்றாங்கன்னா, அன்னைக்கு மட்டும் வாசலைக் கழுவிடாதே. ஒருத்தரையும் எழுப்பிவிடாதே."

அந்தப் பெண் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டாள். "நல்லா இருக்கே! அழுக்கா கெடந்தா என் பேருதானே கெடும்?"

"கெடட்டும்மா" என்றாள் பினாயிலக்கா. "எனக்கு நல்ல பேருதான் கெடைச்சுது."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும், தூணோரமாய் இருந்த குப்பைக் கூடையை எடுத்து, பாய் விரிக்க இடம் விட்டாள்.