‘சோர்வு’ என்று எழுத மறுத்தவள்

ஸ்காட்லாந்தின் பக்கன் கரையில், எங்கள் துறைமுகத்து கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக போனை எடுப்பவள் நெட்டா ஸ்ட்ரான். வயது ஐம்பத்தாறு. ஆனாலும் மீனவர்களுக்கு அவள் ‘குவைன்’தான், அதாவது சின்னப் பொண்ணு. இங்கே ஒன்பது வயதிலிருந்து தொண்ணூறுவரை எல்லாப் பெண்ணும் குவைன்.

நோவைச் சொல்ல இந்தக் கரைக்குத் தனி அகராதி உண்டு. ‘ஸ்டூனின்’ என்றால் விண்விண்ணென்று தெறிக்கும் வலி. ‘பீலிவாலி’ என்றால் முகம் வெளுத்து, பார்த்தவர்கள் நாற்காலி இழுத்துப் போடும் நிலை. ‘வாபிட்’ என்பது தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. அதை ஒரு மீனவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமானால், அவன் மனைவி மூன்று நாளாவது நச்சரித்திருக்க வேண்டும்.

நெட்டா காதில் விழுந்ததை அப்படியே பதிவு செய்வாள். புது மேலாளர் ஹார்கிரீவ் தெற்கிலிருந்து ஒரு கணினிப் பட்டியலோடு வந்தார். அதில் பன்னிரண்டே உபாதைகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் டாக்டரைப் பார்க்கும் நாளைக் கணினியே சொல்லிவிடும்.

“பட்டியல்ல இல்லாததை எழுதாதீங்க, மிஸஸ் ஸ்ட்ரான். இன்னொரு தடவை எழுதினா உங்களுக்கு போன் கிடையாது. கோப்பு அறைதான்” என்றார்.

எங்கள் ஆட்கள் போன் செய்வது புயல் நாளில். படகு கட்டிக் கிடந்தால்தான் அவர்களுக்கு உடம்பு நினைவுக்கு வரும். அந்தச் செவ்வாய்க்கிழமை காற்றே இல்லை. படகுகள் எல்லாம் கடலில். ஒன்பது மணிக்கு மீனவன் டாட் மேர் கூப்பிட்டான்.

“என்ன குவைன், எப்படி இருக்கே?”

“நான் இருக்கட்டும். நீ ஏன்யா கரையில கிடக்கே? கடல் தட்டு மாதிரி இருக்கு!”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் வாபிட். விடியக்காலை வலை ஏத்தும்போது ஒரு ட்வாம் வந்துச்சு. வீட்டுக்காரி கத்துறா, அதான்.”

ட்வாம் என்றால் கண் திறந்திருக்கும், ஆள் அங்கே இருக்கமாட்டான்.

பட்டியலில் அதற்குக் கிட்டத்தில் இருந்தது ‘சோர்வு’ மட்டும். அழுத்தினாள். பதினோரு நாள் கழித்து வரச் சொன்னது கணினி. நெட்டா அதை நீக்கிவிட்டு, ‘வாபிட். ட்வாம். கடல் அமைதி, ஆள் கரையில்’ என்று எழுதி, அன்றைக்கே பத்து நாற்பதுக்கு அவனை நுழைத்தாள்.

இந்த ஊரிலேயே பிறந்த டாக்டர் ஃபார்க்கர் அதைப் படித்ததும், டாட் வருவதற்கு முன்பே இதயத்துடிப்புக் கருவியைத் தயார் செய்யச் சொன்னார். மதியத்துக்குள் டாட் ஆம்புலன்ஸில் அபர்டீன் ஆஸ்பத்திரிக்குப் போனான். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் ஹார்கிரீவ் மேசைக்கு வந்தார்.

“அவர் பிழைச்சதுல எனக்கும் சந்தோஷம். ஆனா தணிக்கை வருது. அந்தப் பதிவை ‘சோர்வு’ன்னு மாத்திடுங்க.”

“அவன் அப்படிச் சொல்லல. சொல்லாததை நான் எழுத மாட்டேன்.”

“அப்போ கோப்பு அறை.”

“தூக்கிட்டுத்தான் போகணும், மிஸ்டர் ஹார்கிரீவ். எழுபத்தெட்டு கிலோ இருக்கேன். முதுகு பிடிச்சுக்கும். பிடிச்சா எப்படி வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு எங்ககிட்ட நாலு வார்த்தை இருக்கு. சரியானதா பார்த்து நானே பதிஞ்சுக்கிறேன்.”

வரிசையில் காத்திருந்த கூட்டம் சிரித்தது. ஹார்கிரீவ் சிரிக்கவில்லை, தூக்கவும் இல்லை. போன் அடித்தது. எடுத்தது நெட்டா.