கணக்கில் சேராத ஊசி

எங்கள் பகுதியில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸுக்கு ஊசியம்மா என்று பெயர். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், வாய் தானாகத் திறக்கும். பூச்சாண்டி வேலையையும் சேர்த்துப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டவர். மருந்துப் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டுப் பழகி, பெட்டி இல்லாத நாளிலும் ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பார்.

பெட்டியின் நான்கு பக்கமும் ஐஸ் பட்டைகள். தண்ணீர் அடைத்து உறைய வைத்த பிளாஸ்டிக் பட்டைகள். நடுவில் மருந்துக் குப்பிகள். பட்டைகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உள்ளே வைக்கக் கூடாது. மேசைமேல் கிடந்து வியர்க்க வேண்டும். காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சளசளக்க வேண்டும். அதற்கு முன்பே அடுக்கினால் சில மருந்துகள் உறைந்து கெட்டுவிடும். அதைப் போட்டாலும் வலிக்கும், காய்ச்சல் வரும். காப்பு மட்டும் இருக்காது.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மருந்து சூடாகிவிடுமே என்ற பதற்றத்தில் பட்டைகளை வியர்க்க விடாமல் அடுக்கிவிட்டார். சூட்டுக்குப் பயந்தே வேலை பழகியவர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு இது.

தடுப்பூசி முகாம் முடிந்து பெட்டியைக் கழுவும்போது, மீந்த குப்பி ஒன்று பட்டையோடு ஒட்டிக் கிடந்தது. உருகியபின் வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தார். துகள்கள் மிதந்து, விறுவிறுவென்று அடியில் படிந்தன. உறைந்து கெட்ட மருந்து அப்படித்தான் படியும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மேலதிகாரி போனில் பெருமூச்சு விட்டார்.

“எல்லாருக்கும் மறுபடி போட்டுத்தான் ஆகணும். தாய்மார்கிட்ட யாரு சொல்றது?”

“நான்தான் சார். வேற யாரு போவா?”

இதை வீரம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கடமையைப் பற்றி எழுதியவர்கள் முட்டி வலியைப் பற்றி எழுதுவதில்லை. அவர் படியேறிய வீடுகளில் எல்லாம் முட்டி வலிதான் முன்னால் போனது.

மற்ற தாய்மார்கள் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார்கள். இஸ்திரிக் கடைக்காரி மட்டும் தேய்க்கிற பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கைக்குழந்தை மேசைக்கு அடியில், மடித்த போர்வைமேல் தூங்கிக்கொண்டிருந்தது.

“தொடை கல்லு மாதிரி வீங்கிப்போச்சு. ரெண்டு ராத்திரி கண்ணை மூடலை. இப்ப வந்து அது சேர்த்தி இல்லைங்கிறீங்க.”

“ஆமாம்மா. தப்பு என்னோடது.”

“குத்திட்டுப் போயிடுவீங்க. முழிச்சுக்கிடக்குறது யாரு?”

“பின்தெருவுல கக்குவான் இருமல் வந்திருக்கு. இத்துனூண்டு பிள்ளைக்கு வந்தா மூச்சே நின்னுடும். அதுக்குப் போட்ட மருந்துதான் கெட்டுப்போனது.”

அவள் கை ஒரு கணம் நின்றது. சட்டை தீய்ந்துவிடாமல் சட்டென்று பெட்டியைத் தூக்கினாள்.

“அடுத்ததும் கெட்டுப்போகலைன்னு எனக்கு யாரு சொல்லுவா அக்கா?”

ஊசியம்மா மருந்துப் பெட்டியின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “பெட்டி அடுக்கும்போது நீயே வந்து பாரு. ஐஸ் பட்டையை ஆட்டினா தண்ணிச் சத்தம் கேட்கணும், அப்புறம்தான் மூடுவேன்,” என்றார்.

அடுத்த முகாம் நாளில், சுகாதார நிலையத்தின் கதவு திறக்கும் முன்பே அவள் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். மேசைமேல் பட்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினாள்.

“சத்தமே இல்லையே.”

“வரும். உட்காரு.”

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வேலை தொடங்கும் முன் உட்கார நேரம் கிடைத்தது ஊசியம்மாவுக்கே புதிதாக இருந்தது. கடைசியில் எல்லாப் பட்டைகளிலும் தண்ணீர் சளசளத்தது. அவள் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் பெட்டி மூடியது.

முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. இஸ்திரிக்காரி நேராக உள்ளே போனதும் ஒரு தகப்பன் குரல் கொடுத்தான்.

“லேட்டா வந்துட்டு முதல் ஆளா? ஊசியம்மாவுக்குச் சொந்தமோ?”

“அவசரம்னா நீங்க முதல்ல வாங்கண்ணே. பிள்ளையை விட்டுட்டு வந்தாலும் சரி, உங்களுக்கே போடச் சொல்றேன்.”

வரிசை சிரித்தது. அவன் நகரவில்லை.

ஊசி ஏறியதும் குழந்தை வீறிட்டது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“இன்னிக்கும் காய்ச்சல் வருமா?”

“வரலாம். இந்தத் தடவை சேர்த்தி உண்டு.”

“அப்ப முழிச்சுக்கிடக்குறேன்,” என்று கொட்டாவி விட்டாள். அது ஊசியம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. வாயை மூடிக்கொண்டு, அடுத்த ஆளை வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.