இனயம் மணலில் அமெரிக்கப் பந்து

அப்போது நான் புதுக்கடையில் மிஷன் பள்ளி ஆசிரியர். வயது இருபத்தெட்டு. கனத்த உடம்பு, நாலடி ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் கால்பந்து என்றால் எனக்கு உயிர். சனிக்கிழமைதோறும் இனயம் கடற்கரையில் நடக்கும் ஆட்டத்துக்குத் தவறாமல் போய்விடுவேன். எங்கள் கேப்டன் ஒரு துணிக்கடைக்காரர். என்னைக் கண்டதும், "சாரே, இண்ணு ஆளு தெகஞ்சாச்சு, இனி எடமில்ல. நீங்க விசில் ஊதுங்க" என்பார். கோபப்பட முடியாது. அந்த ஆட்டத்துக்குக் கால் பறக்க வேண்டும். என் கால் மணலில் புதையும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடையில், மிஷன் ஆசுபத்திரியில் தண்ணீர் எந்திரம் பொருத்த ஓர் அமெரிக்க இளைஞர் வந்தார். எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதற்கு எங்கள் ஊரில் சாக்கர் என்று பெயர். ஃபுட்பால் வேறு" என்றார். மறுவாரம் ஒரு தோல்பந்தோடு வந்தார். உரிக்காத தேங்காய்போல இருபுறமும் கூர்த்திருந்தது.

அவர் ஆங்கிலத்தில் சொன்ன விதிகளை நான் தமிழில் சொன்னேன். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் கோட்டைத் தாண்ட வேண்டும். பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். வீழ்ந்தால் ஆட்டம் நிற்கும். கூடிப் பேசிவிட்டு மறுபடி தொடங்கலாம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து கைமாறும்.

கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிற மீனவர் ஒருவர் கேட்டார்: "கையில கொண்டு ஓடுறதுக்கு எதுக்கு சாரே ஃபுட்பால்னு பேரு?"

அமெரிக்கரிடம் கேட்டேன். தனக்கும் தெரியாது என்று சிரித்துவிட்டு, ஆட்களைப் பிரிக்கத் தொடங்கினார்.

வேகக்காரர்கள் எல்லாம் கேப்டன் பக்கம் சேர்ந்தார்கள். அமெரிக்கர் பக்கம் கரைமடிக்காரர்கள். அங்கே ஓராள் குறைய, என்னைக் கூப்பிட்டார்கள்.

எடுத்த எடுப்பிலேயே கேப்டன் ஓரமாக ஓடிக் கோட்டைத் தாண்டிவிட்டார். பிறகு பந்து எங்களிடம் வந்தது. மூன்று முயற்சியிலும் அமெரிக்கரை மடக்கிவிட்டார்கள். கோட்டுக்கு இன்னும் நாலு கஜம். அவர் என் தோளைத் தட்டி, "இனி நீங்கள்" என்றார்.

கரைமடிக்காரர்கள் எனக்கு முன்னே தோளோடு தோள் சேர்ந்து குனிந்தார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. கேப்டன் என் இடுப்பைப் பிடித்துத் தொங்கினார். இன்னொருவர் காலைக் கட்டிக்கொண்டார். இருவரையும் இழுத்துக்கொண்டே போய்க் கோட்டுக்கு அப்பால் விழுந்தேன்.

"ஏலே மக்கா, சாரு தாண்டியாச்சு" என்றது ஒரு குரல்.

அன்று இன்னும் இருமுறை தாண்டினேன். மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். கேப்டன் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவ்வளவு பலத்த எங்க வச்சிருந்திய சாரே?" என்றார்.

பார்ப்பதற்கு அழகு நம் ஆட்டம்தான். பந்து யாருக்காகவும் காத்திருக்காது. கண்ணும் அதன் பின்னாலேயே ஓடும். அமெரிக்கர்களுடையது நின்று நின்று நகர்வது. ஆனால் அசைக்க முடியாத ஓர் ஆளும் அதற்கு வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று தெரிய எனக்கு இருபத்தெட்டு வயதாகிவிட்டது.

சட்டை கிழிந்து வீட்டுக்குள் நுழைந்தவனை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆருகிட்ட சண்டைக்குப் போனிய?"

"சண்டை இல்ல. வெளையாட்டு."

"ஜெயிச்சது ஆரு?"

"நாங்க" என்றேன். விலா வலித்தது. ஆனாலும் உட்காராமல், முழுக் கதையையும் நின்றபடியே நடித்துக் காட்டினேன்.