இரண்டரை மணித்தியாலப் பயணம்

வேப்பஞ்சருகு காலடியில் நொறுங்கும் சத்தத்தை எங்கே கேட்டாலும் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பக்கென்கிறது. எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, அறுவடைக்கு முன்னமே வெள்ளம் வந்து எங்கள் கண்டாவளை வயலைக் கொண்டுபோன வருடத்தில், வேம்பு சருகு கொட்டும் நாளொன்றில் அப்பா டோகாவுக்கு வேலைக்குப் புறப்பட்டார். அவர் கிளிநொச்சியில் கொழும்பு பஸ் ஏறிய கையோடு, "போன ஆள் போய்ச் சேருமட்டும் கூட்டப்படாது" என்று சொல்லி, அம்மா விளக்குமாற்றைக் குசினிக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாத்திவிட்டார்.

எங்கள் ஊரில் தூரத்தை மணித்தியாலத்தால்தான் அளப்பார்கள். பஸ்ஸில் வவுனியா இரண்டு மணித்தியாலம், கொழும்பு எட்டு. அப்பா விட்டுப்போன விமான ரிக்கெற் பிரதியில் கொழும்பில் காலை பத்துக்குப் புறப்பாடு, டோகாவில் பன்னிரண்டரைக்கு இறக்கம் என்றிருந்தது. கணக்கில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்த நான் கழித்துப் பார்த்து, இரண்டரை மணித்தியாலம் என்று அறிவித்தேன். புளியங்குளத்தில் தேத்தண்ணிக்கு நின்று போகிற வவுனியா பஸ்ஸின் நேரத்தில் ஒரு கடலையே கடந்துவிடலாம் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் துளி சந்தேகமும் வரவில்லை.

மறுநாள் அம்மா ஐந்து வயதுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற வாய்க்காலின் மேட்டுக் கட்டுக்குப் போய் போனும் கையுமாக நின்றார். வீட்டில் நான் தனியே. மணிக்கூட்டில் பன்னிரண்டரை ஆனதும் அப்பா இறங்கிவிட்டார் என்று நானே தீர்ப்புச் சொல்லி, சேர்ந்து கிடந்த சருகையெல்லாம் கூட்டி முற்றத்து மூலையில் குவித்தேன்.

ஒரு மணியாயிற்று, இரண்டாயிற்று, அழைப்பு வரவில்லை. தண்ணீர் குடிக்க ஓடிவந்த அம்மா முற்றத்தைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"ஆரடி கூட்டினது?"

"அப்பா இறங்கியிருப்பார் எண்டு..."

"இறங்கின மனுசன் ஏன் இன்னும் எடுக்கேல்லை?"

அம்மா என்னை அடிக்கவில்லை. தண்ணீரும் குடிக்காமல் கட்டுக்குத் திரும்பி ஓடினார். நான் குவித்த சருகை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி, கிடந்தது கிடந்தபடியே இருக்கவேண்டுமென்று முற்றமெங்கும் தூவினேன். என் கையால்தான் அப்பா கடலில் விழுந்துவிட்டார் என்று நம்பினேன். அந்தப் பயம் போல ஒன்றை அதற்குப் பிறகு நான் அறிந்ததில்லை.

நாலு மணிக்கு வாய்க்கால் கட்டின் மேலிருந்து தம்பி கத்திக் கூப்பிட்டான். ஓடிப்போனேன். போனில் அப்பா.

"இப்பதான் இறங்கி வெளிய வந்தனான். இஞ்ச ஒண்டரை மணி."

"என்ன கதை கதைக்கிறியள்? இஞ்ச நாலெல்லோ!" என்றார் அம்மா.

ரிக்கெற்றில் இருந்த பன்னிரண்டரை டோகாவின் நேரம் என்பதும், நான் கூட்டியபோது அப்பா பாதி வழியில் பறந்துகொண்டிருந்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அம்மா வாய்க்கால் கட்டின் மேலேயே குந்திச் சிரித்துச் சிரித்து அழுதார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சில வருடங்களில் அப்பா திரும்பி வந்து, வேம்பைத் தறித்து முற்றத்துக்குச் சீமெந்து போட்டுவிட்டார். இப்போது வேம்பும் இல்லை, சிக்னலுக்காகக் கட்டுக்குப் போவாரும் இல்லை. நேற்றுத் தம்பி அதே டோகாவுக்குப் போனான். ஐந்து மணித்தியாலமும் அவனுடைய விமானம் எங்கே பறக்கிறதென்று போன் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"இறங்கியிட்டுது பிள்ளை, இனிக் கூட்டு" என்றார் அம்மா.

விளக்குமாறு பக்கத்தில்தான் இருந்தது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"பிளேன்தானே இறங்கினது. தம்பி கதைக்கட்டும், அம்மா."